புற்றுநோய்க் குருத்தணு: சொல் விளக்கம்

புற்றுக்குள் இருந்துகொண்டு புதிய புற்றுச் செல்களை ஈன்றுகொண்டே இருக்கும் செல்லை ஆங்கிலத்தில் 'கேன்சர் ஸ்டெம் செல்' என்பார்கள். அதைச் சிலர் 'புற்றுநோய்த் தண்டு செல்' என்று எழுதுகிறார்கள். அகராதியில் 'ஸ்டெம்' என்றால் தண்டு என்றிருப்பதை அப்படியே எடுத்து வைத்ததால் வந்த பிழை இது. இந்த செல்லுக்கும் தண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

சொல்லின் வேர் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. 1868-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் உயிரியலாளர் 'ஷ்டாம்ட்செல்ல' என்று ஒரு சொல்லைக் கையாண்டார். ஜெர்மனில் 'ஷ்டாம்' என்பது அடிமரத்தையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். வம்சாவளி மரத்துக்கு அங்கே 'ஷ்டாம்பௌம்' என்று பெயர். எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஒற்றைச் செல் உயிரியைத்தான் ஹெக்கல் மனதில் வைத்திருந்தார். பிறகு கருவுற்ற முட்டைக்கும், ரத்த அணுக்களைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்லுக்கும் அந்தப் பெயர் இறங்கி வந்தது. ஆங்கிலத்துக்குப் போனபோது குலம் உதிர்ந்து தண்டு மட்டும் மிஞ்சியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மூலச்செல்' என்கிறார்கள், பொருள் பிசகவில்லை. இலங்கையில் செல்லுக்குக் 'கலம்' என்பது வழக்கம். எனக்கு மனதுக்கு நெருக்கமானது, ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் 'குருத்தணு'தான். வாழைத்தோட்டம் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்கவே வேண்டாம். பக்கக்கன்றை மண்ணோடு சேர்த்து அறுத்துவிட்டாலும், ஓரிரு நாளில் வெட்டுவாயின் நடுவிலிருந்து வெளிர்பச்சைச் சுருளாகக் குருத்து எழும்பி நிற்கும். சுற்றியிருக்கும் பட்டைகள் வெட்டிய மட்டத்திலேயே கிடக்கும். நடு மட்டும் வளரும். அதனால்தான் வெட்டுவதோடு விடாமல் குருத்தைக் குத்தி நோண்டி எடுப்பார்கள், இல்லையென்றால் வெட்டுவாயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விடுவார்கள்.

புற்றுநோய்க் குருத்தணு என்பதன் பொருளும் இதுதான். ஒரு புற்றில் உள்ள எல்லா செல்லும் நோயை வளர்த்துவிடாது. பெரும்பாலானவை சில முறை பிரிந்து ஓய்ந்துபோகும். தன்னைப் போலவே இன்னொன்றையும், மற்ற புற்றுச் செல்களையும் தொடர்ந்து ஈனக்கூடியவை மிகச் சில. மருந்து மற்றவற்றை அழித்துவிட்டு இவற்றை விட்டுவைத்தால் நோய் திரும்புகிறது.

இதைக் கருத்தளவில் விடாமல் எண்ணிக் காட்டியவர் கனடாவின் டொராண்டோவில் ஆய்வு செய்யும் ஜான் டிக். அதற்கு அந்த ஊரில் ஒரு முன்கதை உண்டு. கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு எலும்பு மஜ்ஜையைச் செலுத்திப் பார்த்தபோது, மண்ணீரலில் சிறு சிறு புடைப்புகள் தோன்றின. செலுத்திய செல்கள் கூடக்கூடப் புடைப்புகளும் கூடின. ரத்தக் குருத்தணு என்று ஒன்று உண்டு என்பதற்கு ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லோவும் 1961-இல் காட்டிய சான்று அது.

ஜான் டிக் அதே வழியை மனித நோய்க்குக் கொண்டு வந்தார். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்த எலிகளுக்குள், கடும் ரத்தப்புற்று வந்தவர்களின் செல்களைச் செலுத்தினார். 1994-இல் வெளியான முடிவு: ஏறத்தாழ 2,50,000 செல்லில் ஒன்றுதான் எலிக்குள் நோயை உண்டாக்கியது. 1997-இல் டொமினிக் போனே என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, மேற்பரப்புப் புரத அடையாளங்களை வைத்து அந்தச் செல்களைப் பிரித்தெடுத்தார். 2007-இல் பெருங்குடல் புற்றிலும் இப்படிப்பட்ட செல்களைக் காட்டினார். அவர் குழு 2014-இல் வெளியிட்டது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. நோய் தணிந்துவிட்டதாகச் சொல்லப்பட்டவர்களின் ரத்தத்திலும், முதல் மரபணுப் பிழையை மட்டும் சுமந்துகொண்டு, இன்னும் புற்றாக மாறாத குருத்தணுக்கள் பிழைத்திருந்தன. பயிர் அறுத்த வயலில் பார்த்தால், மண்ணுக்குள் உயிர்!

இதில் ஒரு விவாதமும் உண்டு. 2008-இல் அமெரிக்காவில் ஆய்வு செய்யும் ஷான் மாரிசனின் குழு, எதிர்ப்பாற்றல் இன்னும் குறைந்த எலிகளில் மெலனோமா என்ற தோல் புற்றைச் சோதித்தபோது, நான்கில் ஒரு செல் கட்டியை உண்டாக்கியது. அப்படியானால் 'மிகச் சில' என்பது எல்லாப் புற்றுக்கும் பொருந்தாது. எந்த எலியில் சோதிக்கிறோம் என்பதும் எண்ணிக்கையை மாற்றுகிறது. சொல் விளக்கத்தில் இதையும் சேர்க்காவிட்டால் அது அரைகுறைதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். இந்தப் பெயரைக் கேட்டதும், நம் உடம்பின் நல்ல குருத்தணு கெட்டுப்போனதுதான் இது என்று தோன்றும். சில புற்றுகளில் அப்படி நடக்கலாம். ஆனால் வளர்ந்து முதிரத் தொடங்கிய செல்லும் குருத்தின் குணத்தைத் திரும்பப் பெற முடியும். பெயர் அதன் வேலையைச் சொல்கிறது, பிறப்பைச் சொல்லவில்லை. ஜான் டிக் குழுவின் 1994 கட்டுரைத் தலைப்பிலேயே 'நோயைத் தொடங்கி வைக்கும் செல்' என்ற பொருளில் எழுதினார்கள். அதைத் தமிழில் 'புற்றுத் தொடக்கணு' எனலாம்.

எழுதும்போது 'ரத்தப்புற்றுக் குருத்தணு', 'பெருங்குடல் புற்றுக் குருத்தணு' என்று நோயின் பெயரை முன்னால் சேர்த்தால் தெளிவாக இருக்கும். மருத்துவமனையில் பேசும்போது 'ஸ்டெம் செல்' என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும். அப்புறம், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து சேமிப்பதாகச் சொல்கிறார்களே, அது நல்ல ரத்தக் குருத்தணு. இதுவும் அதுவும் வேறு.