ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம்?

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் கிளினிக்கில் சத்தம் கூடிவிடும். பாஸ்டனுக்குத் தெற்கே, பேட்ரியட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானம் இருக்கிற ஃபாக்ஸ்பரோவுக்குப் பக்கத்து ஊர். பிப்ரவரியில் சூப்பர் போல் என்கிற இறுதி ஆட்டம் முடிந்துவிட்டால் செப்டம்பர் வரை ஆட்டமே கிடையாது, ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் நடக்கும்போது இருப்பதைவிட ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் வாய் அதிகம். யாரை வாங்கலாம், யாரைக் கழற்றிவிடலாம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற ஏப்ரல் டிராஃப்டில் யாரை எடுக்கலாம் என்று ஒரே அடிதடி. நான் பிசியோதெரபிஸ்ட். முழங்காலில் ஐஸ் கட்டிப் படுக்கவைத்திருக்கும் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் மொத்த அணியையும் கலைத்து அடுக்கிவிடுவார்.

2025 மார்ச்சில் இது உச்சத்தில் இருந்தது. அதற்கு முந்தைய சீசனில் பேட்ரியட்ஸுக்கு 4 வெற்றி, 13 தோல்வி. பயிற்சியாளர் ஜெராட் மேயோவை அனுப்பிவிட்டு மைக் வ்ரேபலைக் கொண்டுவந்திருந்தார்கள். டிரேக் மே என்று நல்ல இளம் குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டார், அதாவது எறிய ஆள் ரெடி. ஓடிப்போய்ப் பிடிக்கிற ரிசீவர்தான் இல்லை. அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது... பந்து எங்கே வரும் என்று தெரிந்து, தடுக்க வருகிறவனை ஏமாற்றி, சரியான நொடியில் சரியான இடத்தில் போய் நிற்பவர்தான் ரிசீவர். 2024-ல் பேட்ரியட்ஸில் பந்தைப் பிடித்து அதிக யார்டு எடுத்தவர் ரிசீவரே இல்லை, தடுப்பது, பிடிப்பது என்று இரண்டு வேலையும் பார்க்கிற டைட் எண்ட் ஹன்டர் ஹென்றி, அதுவும் 674 யார்டுதான். 2019-ல் ஜூலியன் எடல்மன் ஆயிரம் யார்டு தாண்டினார், அப்புறம் அந்த மார்ச் வரை ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டிராஃப்டில் எடுத்த நிக்கீல் ஹாரி, டைக்வான் தார்ன்டன், ஜலின் போல்க் என்று மூன்று பெயரைச் சொன்னால் போதும், எங்கள் கிளினிக்கில் பாதிப் பேருக்கு பிபி ஏறும்.

அந்த மார்ச்சில் பேட்ரியட்ஸ் ஸ்டெஃபான் டிக்ஸ் என்கிற ரிசீவரை எடுத்தார்கள். 31 வயது. 2024 அக்டோபர் 27 அன்று ஹூஸ்டன் அணிக்காக ஆடும்போது, யாரும் இடிக்காமலேயே, வலது முழங்காலில் ஏசிஎல் கிழிந்தவர். நம் ஊர்ப் பேச்சில் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்போமே, அதுதான்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தபால்காரர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். பேட்ரியட்ஸின் முன்னாள் ரிசீவர் வெஸ் வெல்கரின் பழைய 83-ஆம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார், கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். “வெல்கர் எட்டு மாசத்துல வந்தான், இவனும் வருவான்” என்பார். பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைக்கு வந்திருந்தவர், “முப்பது தாண்டின முழங்காலுக்கு இவ்வளவு காசா?” என்று எகிறுவார். கடைசியில் இருவரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான், ஆபரேஷன் ஆகி எத்தனை மாசம்?

தப்பான கேள்வி. ரசிகர்கள் அணியைப் பற்றிப் பேசும்போது அப்படிக் கேட்டால் பரவாயில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. இதே கேள்வியைத் தன் முழங்காலைப் பற்றியும் தன் பிள்ளையின் முழங்காலைப் பற்றியும் கேட்டு, அந்த மாசக் கணக்கை நம்பி மைதானத்தில் இறக்கிவிடுகிறார்களே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வெல்கரையே எடுத்துக்கொள்வோம். 2010 ஜனவரி 3 அன்று ஹூஸ்டனில் அதே ஏசிஎல் காயம். அந்த செப்டம்பர் முதல் ஆட்டத்திலேயே களம் இறங்கி இரண்டு டச் டவுன் (நம் கால்பந்தின் கோல் மாதிரி) அடித்தார். தபால்காரர் நினைவில் இருப்பது அதுதான். அவர் சொல்லாமல் விடுவது மீதிக் கதை. காயத்துக்கு முந்தைய 2009-ல் 123 கேட்ச், 1348 யார்டு. திரும்பி வந்த 2010-ல் 86 கேட்ச், 848 யார்டு. அதற்கடுத்த 2011-ல் 122 கேட்ச், 1569 யார்டு. ஆள் எட்டு மாதத்தில் வந்துவிட்டார், முழு வெல்கர் வர இரண்டாவது சீசன் ஆனது என்றுதான் நான் அந்த எண்களைப் படிப்பேன். எடல்மனும் அப்படித்தான். 2017 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் கிழிந்தது, அந்த சீசன் முழுக்கப் போனது, 2019 பிப்ரவரி சூப்பர் போலில் 10 கேட்ச், 141 யார்டு எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். இன்னொரு பேட்ரியட்ஸ் ரிசீவர் கென்ட்ரிக் போர்னுக்கு 2023 அக்டோபர் கடைசியில் ஏசிஎல் போனது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, 2024 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களைத் தவறவிட்டு வந்து, அந்த சீசனில் 28 கேட்ச்தான் பிடித்தார். மாசக் கணக்குப்படி வெல்கரைவிட அதிக ஓய்வு இவருக்கு. ஆட்டத்தில் அது தெரியவில்லையே.

இன்னொரு ஜோடியையும் பாருங்கள். அதே 2025 மார்ச்சில் பேட்ரியட்ஸ் ரசிகர்கள் ஆசைப்பட்ட இன்னொருவர் கிறிஸ் காட்வின். தம்பா அணியிலேயே இருந்துவிட்டார் என்று இங்கே பலருக்குக் கோபம். அவருக்குக் கணுக்கால் பிசகியது 2024 அக்டோபர் 21-ல், டிக்ஸுக்கு முழங்கால் போனது 27-ல். ஆறே நாள் இடைவெளி. அடுத்த செப்டம்பர் முதல் ஆட்டத்தில் டிக்ஸ் களத்தில் இருந்தார், காட்வின் முதல் மூன்று ஆட்டங்களுக்கு வரவில்லை. ‘ஏசிஎல்தான் பெரிய காயம், கணுக்கால்தானே’ என்று சாவகாசமாகப் பேசியவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, மாசம் வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது?

முதலில் ஒன்று. ஏசிஎல் ஆபரேஷனில் கிழிந்ததைத் தைப்பது அபூர்வம். பெரும்பாலும் முட்டிச் சிரட்டைக்குக் கீழே இருக்கும் தசைநாணிலிருந்தோ, தொடையின் பின்பக்கத் தசைநாணிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து உள்ளே வைக்கிறார்கள். அது உடனே ஜவ்வு ஆகிவிடாது. உள்ளே வைத்த துண்டு முதல் சில வாரங்களில் வலுவை இழந்து, அப்புறம் ரத்த ஓட்டம் பிடித்து, மெதுவாகத்தான் புது ஜவ்வாக மாறுகிறது. இதில் உள்ள வம்பு என்னவென்றால், வலியும் வீக்கமும் வடிந்து ‘எனக்குச் சரியாயிடுச்சு’ என்று தோன்றுகிற இரண்டாவது, மூன்றாவது மாதமும், அந்தத் துண்டு மிகவும் நைந்து இருக்கிற காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். மாதத்துக்கு ஒரு போனாவது வருகிறது எனக்கு, “தம்பிக்கு நாலு மாசமாச்சுங்க, வலி சுத்தமா இல்ல, சாக்கர் ஆட விடலாமா?” என்று. வலி இல்லை என்பதைக் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்தது பிரேக். ரிசீவரின் வேலை ஓடுவது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நேராக ஓடுவது முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை, ஐந்து மாதத்தில் நிறையப் பேர் ஓடிவிடுவார்கள். முழு வேகத்தில் போய் இரண்டு எட்டில் நின்று, குவார்ட்டர்பேக் பக்கம் திரும்பவேண்டும், அங்கேதான் விஷயம். அந்த இரண்டு எட்டையும் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் வற்றுவதும் கடைசியில் திரும்புவதும் அதே தசைதான். உங்கள் அணி முழங்கால் ஆபரேஷன் ஆன ரிசீவரை எடுத்தால், ஆகஸ்ட் பயிற்சியில் அவர் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று பார்க்காதீர்கள், நிற்கும்போது எத்தனை எட்டு எடுக்கிறார் என்று எண்ணுங்கள். தடுக்கிறவன் அவரை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்பதும் தானாகவே தெரியும்.

பணத்தைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிக்ஸுக்கு மூன்று வருஷத்துக்கு 6 கோடியே 90 லட்சம் டாலர் வரை என்று செய்தி வந்தது, தோள்பட்டைக்காரர் கொதித்தது அந்தத் தொகையைப் பார்த்துத்தான். உறுதிப் பணம் 2 கோடியே 60 லட்சம். அணி மருத்துவர்கள் பரிசோதித்துச் சரி என்ற பிறகுதான் இந்த ஒப்பந்தங்கள் நிற்கும், அந்தப் பரிசோதனையில் என்ன கண்டார்கள் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். ஆனால் முழங்காலை அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது பெரிய எண்ணில் இல்லை, அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது. டிராஃப்டுக்கு முன் இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் என்கிற தகுதிச் சோதனை முகாமிலும் இதே கதை, டிவியில் 40 யார்டு ஓட்டத்தைக் காட்டுகிறார்கள், அணிகள் அங்கே போவதற்கு முக்கியக் காரணமே கேமரா இல்லாத அறைகளில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை.

ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்பக்கத் தசை, பற்றி ஒரே வரி, அதைத் தனியாக எழுதவேண்டும்: ஒரு தடவை பிடித்துக்கொண்டவருக்கு மறுபடி பிடிக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதை வைத்து மட்டும் ஒருவரை ஒதுக்காதீர்கள், 2007-ல் ஒரு நான்காம் சுற்று டிராஃப்ட் உரிமையைக் கொடுத்து பேட்ரியட்ஸ் வாங்கிய ரிசீவர் ராண்டி மாஸ் அந்த ஆகஸ்டை ஹாம்ஸ்ட்ரிங்கோடுதான் கழித்தார், சீசனில் 23 டச் டவுன்.

இப்போது அந்த இரண்டு கட்டிலுக்கும் அப்பால், ஜன்னலோரம் தரையில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளி சாக்கர் அணிக்காரி, பதினாறு வயது, 2024 நவம்பரில் இடது ஏசிஎல் ஆபரேஷன். சாக்கர் ஆடுகிற பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது, பெற்றோர் பலருக்கு இது தெரியவே தெரியாது. தபால்காரர் கத்துவதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் கேட்டாள், “டிக்ஸ் செப்டம்பர்ல ஆடுவாருன்னா நானும் ஆடலாம்தானே? எங்க ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயம்தான்.”

அவருக்கு முழங்காலைத் தேற்றுவதே முழுநேர வேலை, சம்பளத்தோடு. காலையில் எழுந்தால் பிசியோ, ஜிம், மசாஜ், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஆள். உனக்கு வாரம் இரண்டு தடவை நான், அதுவும் உன் காப்பீட்டில் இந்த வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று எழுதியிருக்கிறது, மீதி நாள் ஆல்ஜீப்ரா. இதை அவளிடம் இப்படியே சொன்னேன். சிரித்தாள், ஆனால் விடவில்லை.

இளவயதில் ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி ஆடப் போகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இரண்டாவது தடவை கிழிகிறது, அதே காலிலோ மற்றக் காலிலோ. நார்வேயில் செய்த ஓர் ஆய்வில், ஒன்பது மாதம் வரைக்கும் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதமும் மறுபடி காயம் படும் வாய்ப்பைப் பாதியாகக் குறைத்தது. அப்படியென்றால் ஒன்பதுதான் மந்திர எண்ணா என்று கேட்டால், இல்லை, ஒன்பதுக்கு முன்னால் பேச்சே வேண்டாம் என்று அர்த்தம். ஒன்பதுக்குப் பிறகு பரீட்சை. ஒற்றைக் காலில் தாவச் சொல்லி டேப் பிடிப்போம், தொடைத் தசையின் பலத்தை மெஷினில் அளப்போம். ஆபரேஷன் ஆன கால், நல்ல காலின் அளவில் குறைந்தது 90 சதவீதம் எட்டவேண்டும். தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பேன். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதில் விழும். ஆகஸ்டில் அவளைத் தாவச் சொன்னபோது வலது கால் பூனை மாதிரி இறங்கியது, இடது கால் ‘தொப்’. இரண்டாவது முறை ‘தொப்’ கேட்டதும் அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து தபால்காரர், கண்ணைத் திறக்காமலேயே, “அது ஆபரேஷன் பண்ணின கால்” என்றார். டேப்பில் 81.

பள்ளி அணி அவளில்லாமல் ஆட ஆரம்பித்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி டிக்ஸ் முதல் ஆட்டத்தில் ஆறு கேட்ச் பிடித்தார், மறுநாள் அவள் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அவள் அப்பா போன் செய்து, வேறொரு இடத்தில் கேட்டோம், ஒன்பது மாசம் ஆனால் போதும் என்கிறார்கள் என்றார். நான், கேட்டதெல்லாம் சரி, அங்கே தாவச் சொன்னார்களா என்று கேட்டேன். மெஷின்கூட வேண்டாம், ஒரு டேப், ஒரு சுவர், ஒரு கோடு போதும். பிள்ளைக்கு ‘ஆடலாம்’ என்று யார் சொன்னாலும், எதை அளந்து சொல்கிறீர்கள் என்று கேளுங்கள், பதிலுக்கு மாசக் கணக்கு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படி இறங்குவது, ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவது, ஓடிவந்து கோட்டில் நிற்பது என்று அந்த ஆறு வாரம் அவளுக்குப் பிரேக் பயிற்சிதான், பந்தைக் கண்ணில் காட்டவில்லை. அக்டோபர் 5 ஞாயிறு இரவு பஃபலோவில், ஹூஸ்டனுக்கு முன் ஆடிய அணியின் மண்ணிலேயே, டிக்ஸ் 10 கேட்ச், 146 யார்டு எடுத்தார், பேட்ரியட்ஸ் ஜெயித்தது. அடுத்த நாள் கிளினிக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. தபால்காரர் இப்போது இன்னொரு முழங்காலும் மக்கர் பண்ணுகிறது என்று திரும்பி வந்திருந்தார், அதே 83 ஜெர்சி, அதே மூடிய கண். “எட்டு மாசம்னு சொன்னேன்ல?” பத்து மாதம் தாண்டியது என்று திருத்த எனக்கு மனசு வரவில்லை.

அவளைக் கோட்டில் நிறுத்தினேன். வலது கால், டேப். இடது கால், டேப். 93. இன்னொரு முறை தாவச் சொன்னேன், எண்ணுக்காக இல்லை.

“இப்போ எந்தக் கால்?” என்றார் தபால்காரர்.