இடம் சரி, காற்று தப்பு: சுழற்றிய கிரிட் தரவில் கவனிக்க வேண்டியவை

ஐரோப்பிய வானிலைத் தரவை முதன்முதலாகத் திறந்தவர்களிடமிருந்து எனக்கு ஒரே மாதிரிப் படம் அடிக்கடி வரும். கானாவுக்குத் தெற்கே, கினி வளைகுடாவின் நடுக்கடலில், ஜனவரி மாதத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே. "ஃபைல் கெட்டுப்போயிருக்கா சார்?" என்று கூடவே ஒரு கேள்வி. ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கடல் உண்மையில் பெர்லின்.

கோப்பில் ஆர்லாட், ஆர்லான் என்று இருப்பவை சுழற்றிய அட்சரேகையும் தீர்க்கரேகையும், நாம் அறிந்தவை அல்ல. ஏன் சுழற்ற வேண்டும்? வடக்கே போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். பூமத்தியரேகையில் 12 கி.மீ. அகலமாக இருக்கும் 0.11 டிகிரிக் கட்டம், நார்வேயின் வடக்கே 70 டிகிரியில் 4 கி.மீ. அளவுக்குச் சுருங்கும். கட்டம் சுருங்கினால் வானிலையைக் கணக்கிடும் கணினி மாடலின் நேரப் படியையும் (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) சுருக்க வேண்டும், கணினி நேரம் எகிறிவிடும். அதனால் மாடல்காரர்கள் உருண்டையையே சாய்த்துவிடுகிறார்கள்: தாங்கள் ஆராயும் பரப்பின் நடுவில் பூமத்தியரேகை ஓடும்படி ஒரு கற்பனைத் துருவத்தை வேறு எங்காவது வைப்பார்கள். யூரோ-கார்டெக்ஸ் (கார்டெக்ஸ் என்ற உலகளாவிய வட்டாரக் காலநிலைத் திட்டத்தின் ஐரோப்பியப் பகுதி) தரவில் அந்த வடதுருவம் 39.25 வடக்கு, 162 மேற்கில், ஹவாய்க்கு வடக்கே பசிபிக் கடலில் இருக்கிறது. அப்படிச் சாய்த்த வலையின், அதாவது கிரிட்டின், (0, 0) புள்ளி 50.75 வடக்கு, 18 கிழக்கு. போலந்தின் ஓப்போலே நகரத்துக்குப் பக்கத்தில்.

மாற்றும் கணக்கு பள்ளிக்கூட முக்கோணவியல்தான். உண்மை அட்சரேகையின் சைன் மதிப்பு வேண்டுமா? துருவ அட்சரேகையின் சைனை ஆர்லாட்டின் சைனால் பெருக்குங்கள். அதோடு துருவ அட்சரேகையின் கோசைன், ஆர்லாட்டின் கோசைன், ஆர்லானின் கோசைன் மூன்றின் பெருக்கலைக் கூட்டுங்கள். கடலில் விழுந்த அந்தப் புள்ளிக்கு ஆர்லாட் 1.86, ஆர்லான் மைனஸ் 2.80. முதல் பெருக்கல் 0.0205, இரண்டாவது 0.7731, கூட்டினால் 0.7936. அதற்கான கோணம் 52.52 டிகிரி. தீர்க்கரேகைக்கும் இதே போல ஒரு சூத்திரம் உண்டு. அதில் சாதாரண ஆர்க்-டான் போடாமல் ஏடான்-2 போடுங்கள், இல்லாவிட்டால் எந்தக் கால்வட்டம் என்பது தொலைந்துபோகும். கிடைக்கும் மைனஸ் 4.6-உடன் 18-ஐக் கூட்டினால் 13.4 கிழக்கு. பெர்லின்.

துருவ எண்களை இன்னொருவர் நிரலிலிருந்து காப்பி அடிக்கக் கூடாது. ஜெர்மன் வானிலைத் துறை 2021 வரை ஓட்டிய காஸ்மோ-டி2 மாடலுக்குத் துருவம் 40 வடக்கு, 170 மேற்கு. பிரிட்டனின் யுகேவி மாடலுக்கு 37.5 வடக்கு, 177.5 கிழக்கு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் ஜெர்மனி போலந்துக்குக் குடிபெயர்ந்துவிடும். இன்னொரு பொறி, வானிலைத் தரவு வரும் இரண்டு கோப்பு வடிவங்களில் நெட்சிடிஎஃப் கோப்புகள் சிஎஃப் மரபுப்படி (மாறிகளுக்குப் பெயரும் விவரமும் எழுதும் பொது விதிகள்) வடதுருவத்தைச் சொல்லும், கிரிப் கோப்புகள் தென்துருவத்தைச் சொல்லும். அதே யூரோ-கார்டெக்ஸ் வலை கிரிப்பில் 39.25 தெற்கு, 18 கிழக்கு என்று வரும். இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நகரத்தின் தரவு மட்டும் போதும் என்றால் கோப்பு முழுவதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். நகரத்தை அந்த வலைக்குள் கொண்டுபோங்கள். லண்டனை மாற்றினால் ஆர்லாட் 2.13, ஆர்லான் மைனஸ் 11.17 கிடைக்கும். வலை அங்கே சீரானது: ஆர்லாட் மைனஸ் 23.375-இலும் ஆர்லான் மைனஸ் 28.375-இலும் தொடங்கி 0.11 வீதம் ஏறும். கழித்து வகுத்தால் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி 232-ஆவது வரிசை, 156-ஆவது நெடுவரிசை. தேடவே வேண்டியதில்லை.

சரி, இடம் தப்பானால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். கடலில் பனி பெய்தால் யாருக்கும் சந்தேகம் வரும். போதாததற்கு, பெரும்பாலான கோப்புகளில் உண்மை அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரு பரிமாண அட்டவணையாகக் கூடவே வந்துவிடுகின்றன. எடுத்துப் போட்டால் வரைபடம் கச்சிதமாக உட்காரும், எல்லாம் முடிந்தது என்று தோன்றும். நான் பயப்படுவது அதற்கப்புறம்தான்.

காற்றுக்கு யு, வி என்று இரண்டு கூறுகள். பல மாடல்களில் யு என்பது உண்மையான கிழக்கு நோக்கியது அல்ல, வலையின் கிழக்கு நோக்கியது. வலையின் வடக்கும் உண்மையான வடக்கும் பெர்லினில் மூன்றரை டிகிரிதான் வேறுபடும். லண்டனில் 14, லிஸ்பனில் 21, ரெய்க்யவிக்கில் 31 டிகிரிக்கும் மேல். கோப்பு தெற்குக் காற்று என்று சொல்லும்போது ஐஸ்லாந்தில் வீசுவது தென்கிழக்குக் காற்று. வேகம் மட்டும் மாறாது. அதுதான் வம்பு. வானிலை நிலையத்தின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு எல்லாம் பொருந்தும், அறிக்கையும் போய்விடும். எரிமலைச் சாம்பல் எந்த ஊர் மேல் போகும், புகைபோக்கியின் புகை எந்தத் தெருவுக்கு வரும், காற்றாலைகளை எந்த வரிசையில் நிறுத்தலாம் என்ற கேள்விகளுக்குத் திசைதான் பதில். அங்கே 31 டிகிரி சின்னப் பிழையில்லை.

கோப்பில் இருப்பது எந்தக் கிழக்கு? கிரிப் கோப்பில் இதைச் சொல்லவே ஒரு கொடி (ஃப்ளாக்) உண்டு. நெட்சிடிஎஃப்பில் காற்று மாறியின் ஸ்டாண்டர்டு நேம் என்ற விவரத்தைப் பாருங்கள்: ஈஸ்ட்வர்டு விண்ட் என்றால் உண்மைக் கிழக்கு, எக்ஸ் விண்ட் அல்லது கிரிட் ஈஸ்ட்வர்டு விண்ட் என்றால் வலைக் கிழக்கு. பெயரை மட்டும் நம்பாமல் மேற்கு ஓரத்தில் ஒரு நிலையத்தின் திசையோடு ஒத்துப் பார்ப்பது என் வழக்கம். நடுவில் இருக்கும் பெர்லினில் பார்த்தால் எதுவும் தெரியாது. திருத்தம் எளிது, சிடிஓ என்ற காலநிலைத் தரவுக் கருவியில் ரொட்-யுவி-பி என்ற கட்டளை காற்றை உண்மைத் திசைக்குத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் வரிசை முக்கியம். தரவை ஒரு வலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ரீமேப் கட்டளைகள் யு, வி இரண்டையும் வெப்பநிலை போலத் தனித்தனி எண்ணாகத்தான் பார்க்கும். முதலில் திருப்புங்கள், பிறகு சீரான வலைக்குக் கொண்டுவாருங்கள். மழையளவு என்றால் பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மதிப்பிடும் பைலீனியர் முறையை விட்டுவிட்டு கன்சர்வேட்டிவ் முறைக்குப் போங்கள், மொத்த நீர் மாறாமல் இருக்கும்.

பரப்பளவுச் சராசரியிலும் இதே மாதிரி சத்தமில்லாத பிழை ஒன்று இருக்கிறது. அட்சரேகையின் கோசைனை எடையாகப் போடு என்று எல்லாப் பாடத்திலும் சொல்லியிருப்பார்கள். சாதாரண வலைக்கு அது சரி. சுழற்றிய வலையில் கட்டத்தின் பரப்பு ஆர்லாட்டின் கோசைனைப் பொறுத்தது, யூரோ-கார்டெக்ஸ் பரப்பு முழுவதிலும் அது 0.91-க்குக் கீழே போகாது. உண்மை அட்சரேகையை எடையாக்கினால், ஸ்பெயினின் ஒரு கட்டத்தோடு ஒப்பிடும்போது நார்வேயின் வடமுனையில் உள்ள கட்டம் பாதிக்கும் குறைவாக எண்ணப்படும். ஐரோப்பாவின் சராசரி வெப்பநிலை, இருப்பதைவிடக் கூடுதலாக வரும். வரைபடத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தெற்காசியத் தரவோடு வேலை செய்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். கார்டெக்ஸின் தெற்காசியப் பரப்பும் சுழற்றியதுதான், துருவம் 79.95 வடக்கு, 123.34 மேற்கு. சாய்வு குறைவு என்பதால் சென்னையில் காற்றின் விலகல் 4 டிகிரிதான். "அவ்வளவுக்கு எதற்குத் திருப்ப வேண்டும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கட்டளை ஒரே வரி, போட்டுவிடுங்கள். நாளைக்கு அதே நிரலை ஐஸ்லாந்துக்கு ஓட்ட மாட்டீர்கள் என்று யார் கண்டது.