ஐஇசி வாடகைக்கு அல்ல

நான் கஸ்டம்ஸ் புரோக்கர், மற்றவர்களின் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுப்பவன். சென்னை மண்ணடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் சுங்கத் துறை அனுப்பிய சம்மன். "அண்ணே, நான் பொம்மையே இறக்கலண்ணே. ஐஇசி மட்டும்தான் குடுத்தேன்" என்றார்.

ஐஇசி என்பது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களுக்கு மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக அலுவலகமான டிஜிஎஃப்டி கொடுக்கும் பத்து இலக்க எண். இப்போது நம் பான் எண்ணேதான் அது. கட்டணம் 500 ரூபாய், வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம். இந்தத் தம்பியும் பேப்பர் இறக்கி விற்கும் ஆசையில் எடுத்திருந்தார். இரண்டு சின்ன லோடு வந்தது, கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார். எண் மட்டும் எந்த வம்பும் இல்லாமல் சும்மா கிடந்தது.

டீக்கடையில் பழக்கமான ஒருவர், "உங்க பேர்ல ஒரு பெட்டி போட்டுக்கறோம், 15,000 தர்றோம்" என்றிருக்கிறார். எங்கள் தொழிலில் கண்டெய்னரைப் பெட்டி என்றுதான் சொல்வோம். தம்பி டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கொடுத்தார். வந்த ஓடிபியையெல்லாம் சொன்னார். லெட்டர்பேடில் பத்து வெற்றுத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் காட்டியது பிளாஸ்டிக் வீட்டுச் சாமான். பெட்டியின் வாசல் பக்கம் வாளியும் கூடையும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் முழுக்கப் பொம்மைகள்.

பொம்மையை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 2020-இல் பொம்மைக்கான அடிப்படை சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. அதற்கு மேல், 2021 ஜனவரி 1 முதல் பிஐஎஸ் தரச் சான்று இல்லாத பொம்மை நாட்டுக்குள் வர முடியாது. ஈயம் கலந்த பெயின்டும் கழன்று விழும் சின்ன பாகங்களும் குழந்தையின் வாய்க்குப் போகக்கூடாது என்பதற்காக வந்த விதி அது. வாளி என்று எழுதினால் வரியும் மிச்சம், சான்றும் வேண்டாம்.

இதில் தம்பியின் எண் அவர்களுக்கு எதற்கு? இது புரிய வேண்டுமென்றால் சுங்கத் துறை இன்று எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று இடத்தில் இறங்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் ஆலைகூட ஓடாது. அதனால் 2011 முதல் வரியைக் கணக்கிடும் பொறுப்பை இறக்குமதியாளரிடமே விட்டுவிட்டார்கள். என்ன சரக்கு, எந்த எட்டு இலக்க வகைப்பாட்டு எண், என்ன விலை, எந்த நாட்டில் செய்தது, எல்லாவற்றையும் நாமே அறிவிக்கிறோம். அதை 2005-இல் வந்த ஆர்எம்எஸ் என்ற இடர் மேலாண்மை முறை அலசுகிறது. இந்த ஐஇசியின் பழைய வரலாறு என்ன, அனுப்புகிறவர் யார், அந்தச் சரக்குக்கு இந்த விலை பொருந்துகிறதா என்று பார்க்கும். சந்தேகம் இல்லாத பில்கள்தான் பெரும்பாலும். அவை வரி கட்டியதும் அவுட் ஆஃப் சார்ஜ் ஆகிவிடும், அதாவது வெளியே எடுக்க அனுமதி கிடைத்துவிடும், அதிகாரி பெட்டியைத் தொடுவதே இல்லை. மற்றவை, அறிவித்ததை அதிகாரி சரிபார்க்கும் அசெஸ்மென்ட்டுக்கோ பரிசோதனைக்கோ ஸ்கேனருக்கோ போகும்.

அசெஸ்மென்ட்டும் இப்போது முகம் பார்க்காமல் நடக்கிறது. 2020 ஜூன் 8-இல் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் அதை முதலில் தொடங்கினார்கள். அதே வருடம் அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இங்கே தாக்கல் செய்த பில்லை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி பார்க்கிறார். சுங்க அலுவலகம் இருக்கும் ராஜாஜி சாலையில் "எனக்குப் பெரிய ஆபீசரைத் தெரியும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் உண்டு. தெரிந்திருக்கலாம், ஆனால் உங்கள் பில் அவரிடம் போகாது.

இந்த ஏற்பாடு முழுக்கப் பெயரின் மேல் நிற்கிறது. நல்ல வரலாறு உள்ளவர்கள் நம்பகமானவர் என்று சுங்கத் துறை தரும் ஏஇஓ அங்கீகாரம் வாங்கி, வரியைக்கூடப் பிறகு கட்டிக்கொள்ளலாம். அன்றைக்கு எடுத்த புத்தம்புது ஐஇசிக்கு அந்த நம்பிக்கை இருக்காது. சரக்கை மறைத்துக் கொண்டுவருகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் புதிதாக எடுக்காமல், வம்பில் சிக்காத பழைய எண்ணைத் தேடி டீக்கடைக்கு வருகிறார்.

வெறும் வரி ஏய்ப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று சிலர் பேசுவார்கள். மணலியை ஞாபகப்படுத்துகிறேன். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்த வாரத்தில்தான், 2015-இல் பறிமுதலான ஏறக்குறைய 697 டன் அம்மோனியம் நைட்ரேட் 37 பெட்டிகளில் மணலியில் ஒரு சிஎஃப்எஸ்ஸில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளை வைக்கும் கிடங்கில், கிடப்பது ஊருக்கே தெரியவந்தது. பக்கத்திலேயே குடியிருப்புகள். பிறகு ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பூட்டிய பெட்டிக்குள் இருப்பது என்ன என்று வெளியில் நிற்கிற யாருக்கும் தெரியாது, காகிதம் சொல்வதுதான். ஏற்றுமதியிலும் இதே கதைதான். ஏதோ ஒரு சாதாரணச் சரக்கின் பெயரில் செம்மரம் போகும், ஷிப்பிங் பில்லில் யாரோ ஒரு அப்பாவியின் ஐஇசி இருக்கும்.

சரி, தம்பிக்கு வருவோம். அவருடைய பெட்டி ஸ்கேனரில் மாட்டியது. வாளியின் அடர்த்தியும் பேட்டரி வைத்த பொம்மையின் அடர்த்தியும் படத்தில் வேறு வேறாகத் தெரியும். பெட்டியை சிஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள், பறிமுதல் செய்தார்கள். டீக்கடையில் பழகிய அந்த ஆளின் போன் அன்றே அணைந்துவிட்டது.

சுங்கச் சட்டம் உண்மையான பயனாளியையும் இறக்குமதியாளராகத்தான் பார்க்கிறது. 2017-இல் அந்த வார்த்தையைச் சேர்த்தார்கள். ஆனால் பெயர் கொடுத்தவரை அது விடுவிக்காது. தம்பியை நான் முதலில் ஒரு வக்கீலிடம் அனுப்பினேன். சம்மனுக்குப் போகாமல் இருக்கக்கூடாது, போய்ப் பொய் சொல்லவும் கூடாது. அந்தச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலத்தை வழக்கில் சாட்சியமாக வைக்கலாம். நல்லவேளை, வாட்ஸ்அப் பேச்சையும் பணம் வந்த வங்கிக் கணக்கையும் அவர் அழிக்கவில்லை.

சுங்கத்தோடு முடியவில்லை. இறக்குமதி விவரம் ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் தானாகவே ஏறியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்கு எதற்கு ஒரு பெட்டி வாளி என்று அங்கே கேள்வி. கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் அவர் பெயர் இருந்ததால், கப்பல் கம்பெனி பெட்டியைத் திருப்பித் தராத ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன் கட்டணம் போட்டு அவருக்கே பில் அனுப்பியது. சிஎஃப்எஸ் வாடகை தனி.

எங்கள் தொழிலையும் சொல்ல வேண்டும். ஐஇசி, ஜிஎஸ்டி எண், சொன்ன முகவரியில் வியாபாரம் நடக்கிறதா, எல்லாவற்றையும் சரிபார்ப்பது கஸ்டம்ஸ் புரோக்கரின் கடமை என்று 2018 விதிகள் சொல்கின்றன. அந்த பில்லைப் போட்டவர் மண்ணடி வரை ஒரு நடை நடந்திருந்தால், ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். அப்படிப் பார்க்காமல் போடுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். வேறு சிலர் பார்த்துவிட்டும் போடுகிறார்கள். லைசென்ஸ் போகும்போது மட்டும் சங்கத்துக்கு ஓடி வருவார்கள்.

உங்களிடம் சும்மா கிடக்கும் ஐஇசி இருந்தால், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் உங்கள் லாகினில் போய் அதன் மேல் என்னென்ன பில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2பியில் இறக்குமதிப் பகுதியையும் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டிஜிஎஃப்டி தளத்தில் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் முடங்கும். அப்போது உள்ளே இருக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் யாரிடமாவது இருந்தால் இன்றே வாங்கிவிடுங்கள்.

அப்புறம், சுங்கத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள் என்று வரும் போன் எல்லாம் மோசடி. நிஜமான கடிதத்தில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்கும், சுங்கத்தை நிர்வகிக்கும் வாரியமான சிபிஐசியின் தளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். தம்பியின் சம்மனையும் அப்படித்தான் முதலில் பார்த்தோம். நிஜம்தான்.

அவருக்கு இரண்டு லட்சம் அபராதம் விழுந்தது. ஆணை கைக்கு வந்து 60 நாளைக்குள் கமிஷனரிடம் மேல்முறையீடு போக வேண்டும், போவதற்கு முன் அபராதத்தில் 7.5 சதவீதம் கட்ட வேண்டும் என்று சொன்னேன். மேஜை மேல் இருந்த கால்குலேட்டரை இழுத்து அவரே தட்டினார். 15,000 வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதே காசுண்ணே" என்றார்.