குரோல்: தமிழில் உறுமல்

மெட்டல் எனப்படும் உரத்த ராக் இசை பற்றிய பேச்சில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொல் 'குரோல்' (growl). சுருதி இதுதான் என்று பிடிபடாமல், கரகரப்பும் அதிர்வுமாகத் தொண்டையின் அடியிலிருந்து வரும் பாட்டுக்குரலுக்கு அந்தப் பெயர். முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் 'என்ன இது, இந்தக் கத்து கத்துறாங்க' என்பார்கள். அது கத்தலே இல்லை. இந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடும்போது நாம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

கையில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் விளக்குவது எளிது. ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் நகரில் 1995ல் தொடங்கிய மெட்டல் குழு ஆர்ச் எனிமி. கார்காஸ் குழுவில் கிட்டார் வாசித்துவந்த மைக்கேல் அமோட் தொடங்கியது. யோஹான் லீவா என்பவர் பாட, மூன்று ஆல்பங்கள் வந்தன. 2000த்தின் கடைசியில் அவருக்குப் பதிலாக ஜெர்மனியைச் சேர்ந்த ஏஞ்சலா கோசோவ் வந்தார். அவர் பாடிய முதல் ஆல்பம் 'வேஜஸ் ஆஃப் சின்'. 2001ல் முதலில் ஜப்பானில் வெளிவந்தது, அடுத்த வருடம் மற்ற நாடுகளுக்கு வந்தது. பெயர் பைபிள் வாசகத்திலிருந்து எடுத்தது. தமிழில் நமக்கு நன்றாகப் பழகிய வாசகம்தான், 'பாவத்தின் சம்பளம் மரணம்'.

ஆல்பத்தின் முதல் பாட்டு பியானோவில் மெதுவாகத் தொடங்கும். அப்புறம் கிட்டாரும் டிரம்ஸும் பாய்ந்து வரும், அவற்றுக்கு மேலே அந்தக் குரல். பாடுவது பெண் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். சொன்ன பிறகும் பலர் நம்ப மாட்டார்கள். இதற்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் சரியான தமிழ்ச்சொல் தானாகவே முன்னால் வந்து நிற்கும்.

நாம் பேசும்போது குரல்வளையிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை. பெண்களின் நாண்கள் நீளம் குறைந்தவை, அதனால் குரல் மேலே நிற்கிறது. இந்த நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு உண்டு, பொய்க் குரல்நாண்கள் என்று பெயர். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. இருமும்போதும், மூச்சைப் பிடித்துக் கனமான எதையாவது தூக்கும்போதும் இறுகி மூடிக்கொள்ளும். குரோல் பாடுகிறவர்கள் அந்த மடிப்புகளை வேண்டுமென்றே நெருக்கி, அடிவயிற்றிலிருந்து காற்றைச் சீராக அனுப்பி அதிரவைக்கிறார்கள். மத்திய ஆசியாவின் துவா மக்கள் பாடும் கர்கிரா என்ற தொண்டைப் பாட்டிலும் இதே மடிப்புகள்தான் அதிர்கின்றன. அங்கே உண்மை நாண்கள் இரண்டு முறை அதிர்ந்தால் பொய் நாண்கள் ஒரு முறை என்ற ஒழுங்கு இருக்கும், அதனால் ஒரு ஸ்தாயி கீழே ஒரு சுரம் தெளிவாகக் கேட்கும். மெட்டல் குரோலில் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறார்கள். சுரம் மங்கி இரைச்சல் மேலோங்குகிறது. ஆண் குரலா பெண் குரலா என்று காதுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சுரத்தின் உயரம்தான். அதுவே மங்கிவிட்டால் அடையாளமும் மங்கத்தானே செய்யும்?

அதனால் 'பெண்ணாக இருந்தும் ஆண் மாதிரி பாடுகிறார்' என்ற பாராட்டு அடிப்படையிலேயே தவறு. குரோலுக்கு ஆண் மாதிரி, பெண் மாதிரி என்று எதுவும் கிடையாது. காற்றை அடக்கி ஆளும் பயிற்சி இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. பயிற்சியில்லாமல் இறங்கினால் தொண்டை புண்ணாகிவிடும்.

இனி சொல்லின் பூர்வீகம். இடைக்கால ஆங்கிலத்தில் இந்தச் சொல் வயிறு இரைவதைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் முணுமுணுப்பைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். விலங்குகள் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தொண்டையில் எழுப்பும் ஒலிக்கு இந்தப் பெயர் 17ஆம் நூற்றாண்டில் நிலைத்தது. இசைக்குள் அது நுழைந்தது மெட்டல் வழியாக அல்ல, ஜாஸ் வழியாக. 1920களில் டியூக் எலிங்டனின் குழுவில் டிரம்பெட் வாசித்த பப்பர் மைலி, ஊதிக்கொண்டே தொண்டையையும் கரகரக்க வைத்து, கருவியின் வாயை ரப்பர் கிண்ணத்தால் மூடித் திறந்து ஒரு விநோத ஒலியை எழுப்பினார். குழாய் அடைப்பெடுக்கும் அதே ரப்பர் கிண்ணம்தான்! அந்த வாசிப்புக்குத்தான் குரோல் என்று பெயர் வந்தது. ஆக, வயிற்றிலிருந்து விலங்குக்கும், விலங்கிலிருந்து டிரம்பெட்டுக்கும் போன சொல், கடைசியில் பாடகரின் தொண்டைக்கு வந்து சேர்ந்தது.

அது 1980களின் நடுவில். அமெரிக்கக் குழுக்களான பொசெஸ்ட் 1985லும் டெத் 1987லும் வெளியிட்ட முதல் ஆல்பங்களோடு டெத் மெட்டல் என்ற வகை உருவானது. அதன் குரலுக்கு டெத் குரோல் என்று பெயர். பிடிக்காதவர்கள், அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் பிஸ்கட் தின்னும் 'குக்கி மான்ஸ்டர்' என்ற நீலப் பொம்மையின் குரல் என்று கேலி செய்தார்கள். கேலியிலும் கொஞ்சம் உண்மை இல்லாமலில்லை.

பெண்களில் இப்படிப் பாடிய முதல் ஆள் கோசோவ் அல்ல. ஜெர்மனியின் ஹோலி மோசஸ் குழுவில் சபீனா கிளாசன் 1980களிலேயே இப்படிப் பாடிக்கொண்டிருந்தார். ஆனால் 1990களில் பரவிய பாணி வேறு. நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜெடி போன்ற குழுக்களில் ஆண் குரோல் செய்வார், பெண் தேன் குரலில் பாடுவார். அழகியும் அரக்கனும் என்றே அந்தப் பாணிக்குப் பெயர். பாட்டில் யாருக்கு எந்த வேலை என்பது அப்படி எழுதாத சட்டமாக இறுகியிருந்த நேரத்தில்தான் 'வேஜஸ் ஆஃப் சின்' வந்தது. இந்த ஆல்பத்தில் தேன் குரலுக்கு வேலையே இல்லை. மெட்டைச் சுமப்பவை மைக்கேல், கிறிஸ்டோபர் என்ற அமோட் சகோதரர்களின் கிட்டார்கள். பாடகியின் குரல் அதன்மேல் தாளமாக விழுகிறது. என் காதுக்கு அவருடைய வசீகரம் இருப்பது குரலின் பயங்கரத்தில் அல்ல, உச்சரிப்பில். பல குரோல் பாடகர்கள் சொற்களை விழுங்கிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் கடித்துத் துப்புகிறார். 2014ல் அவர் பாடுவதிலிருந்து விலகிக் குழுவின் நிர்வாகத்துக்குப் போனபோது, கனடாவின் அலிசா வைட்-குளூஸ் அந்த இடத்துக்கு வந்தார். ஒரு பெண்ணுக்குப் பின் இன்னொரு பெண், அதே குரல் வேலைக்கு. அதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'கர்ஜனை' என்று எழுதுகிறார்கள். வடசொல் என்பதற்காக அல்ல, பொருளுக்காகவே அதை ஒதுக்க வேண்டும். கர்ஜனை வாயைத் திறந்து வெளியே எறியும் ஒலி, சிங்கத்துக்கும் மேடைப் பேச்சாளருக்கும் உரியது. குரோல் உள்ளேயே உருளும் ஒலி. 'அலறல்' அச்சத்தில் உச்சத்துக்கு ஏறுவது. மெட்டலில் 'ஸ்கிரீம்' எனப்படும் மேல்குரலுக்கு அதை வைத்துக்கொள்ளலாம், குரோலுக்குப் பொருந்தாது. 'குமுறல்' நல்ல சொல்தான், ஆனால் இன்று அதில் மனவேதனை ஏறிவிட்டது. 'தொண்டை கிழியக் கத்துதல்' என்பது விளக்கமும் அல்ல, உண்மையும் அல்ல.

மிஞ்சுவது உறுமல். பள்ளியில் படித்த மரபுப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். சிங்கம் முழங்கும், யானை பிளிறும், நரி ஊளையிடும், புலி உறுமும். பாய்வதற்கு முன்னால், வாயை முழுக்கத் திறக்காமல், அடித்தொண்டையில் நிறுத்தி வைத்துக் காட்டும் எச்சரிக்கை அது. ஒலி பிறக்கும் இடமும் சொல்லும் பொருந்துகின்றன, தாழ்ந்த சுரமும் நீடிப்பும் பொருந்துகின்றன. இன்னொரு சாட்சியும் உண்டு. ஆங்கிலத்தில் விலங்கின் ஒலி இசைக்கருவிக்குப் போனதுபோல், தமிழில் அது எப்போதோ நடந்துவிட்டது. உறுமி மேளம்! இடை சிறுத்த அந்த மேளத்தின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத்தான் உறும வைக்கிறார்கள். அடிக்கும் கருவிகளுக்கு நடுவே தேய்த்து ஒலி எழுப்புவதால், அதன் பெயரே அது எழுப்பும் ஒலியாக இருக்கிறது. இசைக்குள் உறுமல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல.

எழுத்தில் ஒரு கவனம் தேவை. 'உருமல்' என்று இடையின ரகரம் போட்டு எழுதுகிறவர்கள் உண்டு. 'உரும்', 'உருமு' என்றால் சங்கப் பாடல்களில் இடி. பாடகியின் குரலை இடி என்று வருணிக்க விரும்பினால் தாராளமாகச் செய்யலாம், ஆனால் குரோலுக்கு வல்லின றகரம் வேண்டும். கொக்கு காத்திருக்கும் உறுமீனில் வரும் 'உறு' வேறு, அது பெரிய என்ற பொருள் தருவது. அந்த மீன் உறுமாது.

விலங்கின் சொல்லை ஒரு பெண்ணின் பாட்டுக்குப் போடலாமா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூலச்சொல்லும் விலங்குடையதுதான், அதைப் பாடுகிறவர்கள் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் வாக்கியத்தில் வைக்கும்போது கொஞ்சம் பக்குவம் வேண்டும். 'பாடகி உறுமினார்' என்றால் கோபப்பட்டார் என்று ஆகிவிடும். 'உறுமிப் பாடினார்' என்றால் பாடும் முறை என்பது தெளிவு. பெயராக வேண்டுமிடத்தில் 'உறுமல் குரல்', 'உறுமல் பாட்டு' எனலாம். டெத் குரோலை 'மரண உறுமல்' என்று மொழிபெயர்க்காதீர்கள், அங்கே டெத் என்பது இசைவகையின் பெயர். 'டெத் மெட்டல் உறுமல்' என்றாலே போதும்.