ஃபீல்டில் ஒட்டிய அனோட்டேஷன் ஃபீல்டைக் காக்காது

ஒரு ஜாவா திட்டத்தில் திடீரென்று ஒரு பிழை வந்தது. தொலைபேசி எண் போகிற நெடுவரிசையில் 255 எழுத்துக்கு மேல் ஏற்க முடியாது என்று தரவுத்தளம் மறுத்துவிட்டது. எண்ணுக்கு இருப்பதே 10 இலக்கம், அதை மறைகுறியாக்கித்தான் சேமிக்கிறோம், அப்படியும் 52 எழுத்துதான் வர வேண்டும். அந்த வரிசையைத் திறந்து பார்த்தால் உள்ளே 184 எழுத்து இருந்தது. பக்கத்து வரிசையில் 108. வேறொன்றில் சரியாக 52.

இந்த மூன்று எண்களையும் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற மறைகுறியாக்க முறையில் 10 பைட்டோடு 12 பைட் ஐவி (ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் தொடக்க மதிப்பு), 16 பைட் டேக் (தரவு திருத்தப்படவில்லை என்று காட்டும் முத்திரை) சேர்ந்து 38 பைட் ஆகும், அதை பேஸ்64 ஆக்கினால், அதாவது எழுத்துகளாக மாற்றினால், 52 எழுத்து. அந்த 52-ஐயே மறுபடி மறைகுறியாக்கினால் 108, அதையும் மறுபடி செய்தால் 184, இன்னொரு முறை செய்தால் 284. நெடுவரிசை நிரம்பி வழிந்தது அங்கேதான். அதாவது, ஒருவர் அந்தப் பதிவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தரவு இன்னொரு பூட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திரையில் பெயர் மட்டும்தான் தெரியும், எண் தெரியாது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதே அமைப்பை வேறு பல திட்டங்களிலும் பார்த்திருக்கிறேன். ஃபீல்டின் (கிளாஸுக்குள் மதிப்பை வைத்திருக்கும் மாறி) தலையில் @மறைகுறி என்று ஒரு அனோட்டேஷன், அதாவது ஒரு குறிப்புச் சீட்டு. ஆஸ்பெக்ட்ஜே என்பது, கோடின் குறிப்பிட்ட இடங்களில் நம் கோடை வெளியிலிருந்து புகுத்தும் கருவி. அதில் ‘செட்’ பாயிண்ட்கட் (எந்த இடங்களில் புகுத்துவது என்ற விதி) எழுதி, அந்த அனோட்டேஷன் உள்ள ஃபீல்டுக்கு மதிப்பு போகும்போதெல்லாம் நம் அட்வைஸ் (அங்கே புகுத்தும் கோடு) ஓடும்படி வைத்திருந்தோம். ‘ஆர்க்ஸ்’ மூலம் புது மதிப்பு கைக்கு வரும், ‘டார்கெட்’ மூலம் அந்த ஆப்ஜெக்ட் வரும், ‘அரவுண்ட்’ அட்வைஸுக்குள் மதிப்பை மாற்றி ‘ப்ரொசீட்’ கூப்பிட்டால் மாற்றியதுதான் உள்ளே போகும். எழுதும்போது ரொம்ப அழகாக இருக்கும். பிசினஸ் கோடில் ஒரு வரிகூடத் தொட வேண்டியதில்லை.

ஆனால் வீவர் (அட்வைஸைக் கோடுக்குள் பின்னிச் சேர்க்கும் பகுதி) பிடிப்பது ஃபீல்டை அல்ல, கம்பைல் ஆன பைட்கோடில் உள்ள, ஃபீல்டில் மதிப்பை எழுதும் ‘புட்ஃபீல்டு’ என்ற கட்டளையை. அந்தக் கட்டளை எந்த கிளாஸில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்த கிளாஸ் வீவ் ஆகியிருந்தால்தான் அட்வைஸ் ஓடும். ரிஃப்ளெக்‌ஷன் வழியாக, அதாவது கிளாஸின் உள்ளமைப்பை ஓடும்போதே ஆராய்ந்து, ஒரு லைப்ரரி மதிப்பைத் திணித்தால் நம் கிளாஸ்களில் அப்படி ஒரு கட்டளையே இருக்காது, அட்வைஸும் ஓடாது. தரவுத்தள வரிசைகளை ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் ஹைபர்னேட் இதில் இரண்டு பக்கமும் போகக்கூடியது. பதிவின் அடையாளத்தைக் குறிக்கும் @ஐடி அனோட்டேஷனை ஃபீல்டின் மேல் வைத்தால் ஹைபர்னேட் நேரடியாக ஃபீல்டில் எழுதும், நம் ஆஸ்பெக்டுக்கு (பாயிண்ட்கட்டும் அட்வைஸும் சேர்ந்தது) அது தெரியவே தெரியாது. அதே @ஐடியை கெட்டரின் (மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) மேல் வைத்தால் ஹைபர்னேட் செட்டரை (மதிப்பை வைக்கும் மெத்தட்) கூப்பிடும், செட்டருக்குள் இருக்கும் புட்ஃபீல்டு வீவ் ஆகியிருக்கும், அட்வைஸ் ஓடும். எங்கள் குழுவில் ஒருவர் கோடைச் சீரமைக்கும்போது @ஐடியை ஃபீல்டிலிருந்து கெட்டருக்கு நகர்த்தினார், நகர்த்தியது ஒரே ஒரு வரி. அன்றிலிருந்து, தரவுத்தளத்திலிருந்து வந்த, ஏற்கெனவே மறைகுறியாக்கிய மதிப்பு செட்டர் வழியே போய் மறுபடி மறைகுறியானது. மதிப்பு மாறிவிட்டதே என்று பார்த்த ஹைபர்னேட், டிரான்சாக்‌ஷன் முடியும்போது தானாகவே ஒரு அப்டேட்டையும் அனுப்பியது. அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த வரியைப் பார்த்து யாருக்கும் இது தோன்றாது. மறைகுறியாக்கத்தை அங்கே ஒளித்து வைத்தோமே, தவறு அங்கேதான்.

சாவி கையில் இருந்ததால் ஒவ்வொரு பூட்டாகக் கழற்றி எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம். ஒருவேளை அது திரும்பப் பெற முடியாத மறைப்பாக, ஹாஷாக இருந்திருந்தால்? நினைக்கவே பிடிக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஆபத்துதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். ஜேசான் தரவை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் லைப்ரரி, செட்டர் இருந்தால் அதைப் பயன்படுத்தும், நம் அட்வைஸ் ஓடும். யாராவது ‘தேவையில்லாத’ செட்டர்களை நீக்கி, ஃபீல்டிலேயே எழுதட்டும் என்று ஜாக்சனை அமைத்துவிட்டால் மறைகுறியாக்காத தரவு அப்படியே உள்ளே போகும். எக்ஸெப்ஷன் வராது, எச்சரிக்கையும் வராது. அதே வேலையைச் செய்யும் ஜிசான் எப்போதுமே ரிஃப்ளெக்‌ஷன்தான். அதோடு, ஃபீல்டில் ஒரு லிஸ்ட் இருந்து அதில் ‘ஆட்’ செய்தாலோ, அர்ரேயின் முதல் இடத்தில் எழுதினாலோ அது ஃபீல்டுக்கு மதிப்பு வைப்பதே அல்ல, ‘செட்’ அதைப் பார்க்காது.

ஸ்பிரிங் கட்டமைப்பிலேயே இருக்கும் ஆஸ்பெக்ட் வசதி, ஸ்பிரிங் ஏஓபி, போதுமே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். போதாது. அது ஆப்ஜெக்டின் முன்னால் ஒரு பிராக்ஸியை (இடைத்தரகரை) வைத்து மெத்தட் அழைப்பை மட்டும் பிடிப்பது. ‘செட்’ எழுதினால் எக்ஸெப்ஷன் எறிந்துவிடும். சத்தம் போட்டுத் தோற்பது நல்லதுதான்.

சத்தமே இல்லாமல் தோற்பது லோடு-டைம் வீவிங், அதாவது கிளாஸ் நினைவகத்தில் ஏறும்போது அட்வைஸைப் பின்னுவது. ‘ஜாவாஏஜென்ட்’ என்ற ஒரு விருப்பத்தைத் தொடக்க ஸ்கிரிப்டில் போட மறந்தால் செயலி எந்தக் குறையும் இல்லாமல் ஓடும், ஆஸ்பெக்ட் மட்டும் இருக்காது. இதற்கு நான் இப்போது எல்லா இடத்திலும் வைக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. செயலி தொடங்கும்போது, அந்த அனோட்டேஷன் உள்ள ஒரு ஃபீல்டைக் கொண்ட சின்ன கிளாஸை உருவாக்கி, அதில் ‘சோதனை’ என்று எழுதி, திரும்ப வாசிப்பேன். ‘சோதனை’ என்றே வந்தால் வீவிங் நடக்கவில்லை என்று அர்த்தம், செயலி அங்கேயே நின்றுவிட வேண்டும். பத்து வரி கோடுதான். கம்பைல் நேரத்தில் வீவ் செய்கிறவர்கள், அட்வைஸ் எங்கேயும் பொருந்தவில்லை என்று வரும் எக்ஸ்லின்ட் எச்சரிக்கையைப் பிழையாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், லோம்போக் என்ற கருவி தானாக உருவாக்கும் செட்டர்கள் ஆஸ்பெக்ட்ஜே கம்பைலரின் கண்ணில் படாது. முதலில் ஜாவா கம்பைலரில் ஓட்டி, வந்த கிளாஸ் கோப்புகளை வீவ் செய்தால்தான் சரியாக வரும்.

அப்படியானால் இந்த நுட்பமே வேண்டாமா? எனக்கு இது பிடித்த கருவி. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரிகோர் கிக்ஸாலெஸ் குழு 1997-ல் ஆஸ்பெக்ட் முறையை முன்வைத்தபோது, பல கிளாஸ்களில் சிதறிக் கிடக்கிற ஒரே வேலையை ஓரிடத்தில் வைப்பதுதான் நோக்கம், அதற்கு இது இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த ஃபீல்டை யார் எப்போது மாற்றுகிறார்கள் என்று தேடும்போது இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை வெட்டுவது மாதிரி, இரண்டு முறை ஓடினாலும் முடிவு மாறாத வேலைகளுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மறைகுறியாக்கத்தை மட்டும் இதில் வைக்காதீர்கள். ஹைபர்னேட் பின்பற்றும் தரநிலையான ஜேபிஏவின் 2.1 பதிப்பு வந்த 2013 முதலே அட்ரிபியூட் கன்வெர்ட்டர் இருக்கிறது. தரவுத்தளத்துக்குப் போகும்போது ஒரு மெத்தட், வரும்போது இன்னொரு மெத்தட், @ஐடி எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நாங்களும் அதற்குத்தான் மாறினோம். பழைய ஆஸ்பெக்டை நீக்கிய அன்றே, ஒரு பதிவைச் சேமித்து, மூன்று முறை திறந்து மூடி, நெடுவரிசையின் நீளம் 52 ஆகவே இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்டையும் சேர்த்தோம்.