நிதிப் பற்றாக்குறையா, கடன்துண்டா?

பட்ஜெட் வாரம் வந்துவிட்டால் தொலைக்காட்சியின் அடிவரியில் ஒரு சொல் நாள் முழுக்க ஓடும்: நிதிப் பற்றாக்குறை. இதே சொல் அரசுத் தபாலிலும் வரும். மண்டபத்திலிருந்து தொண்டி வரை எங்கள் கரையோரத்தில் தூண்டில் வளைவு (அலை கரையை அரிக்காமல் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தடுப்பு) கேட்டு மனுக் கொடுத்த ஊர்கள் பல. அப்படி ஒரு மனுவுக்கு ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து வந்த பதிலை எனக்குக் காட்டினார்கள். "நிதிப் பற்றாக்குறை காரணமாகத் தற்போது இயலாத நிலை உள்ளது." அதே வாரம் செய்தியில் ஒருவர், மாநிலத்தின் நிதிப் பற்றாக்குறை கட்டுக்குள் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டையும் கேட்ட படகுத் தொழிலாளி ஒருவர் தங்கச்சிமடம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்ணே, கட்டுக்குள்ள இருக்குன்னா வளைவு போட வேண்டியதுதானே? இல்ல, காசே பத்தலைன்னா அந்தக் கவர்மெண்டுக்கு எவன் கடன் குடுக்கிறான்?"

நியாயமான கேள்விகள். அவருக்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல விடாமல் குறுக்கே நிற்பது இந்தச் சொல்தான்.

ஆங்கிலத்தில் இது ஃபிஸ்கல் டெஃபிசிட். லத்தீனில் ஃபிஸ்கஸ் என்றால் கூடை, பிறகு காசுக் கூடை, பிறகு ரோமப் பேரரசரின் கருவூலம். டெஃபிசிட் அந்த மொழியில் பெயர்ச்சொல்லே இல்லை. "குறைகிறது" என்னும் வினைமுற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக அது கணக்குச் சொல்லாயிற்று. அங்கே நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் 1781இல் அரசுக் கணக்கை வெளியிட்டு, மிச்சம் இருக்கிறது என்று காட்டினார். அமெரிக்க விடுதலைப் போருக்காக வாங்கிக்கொண்டிருந்த கடனையும் செலவையும் "வழக்கமானது அல்ல" என்று ஒதுக்கிவிட்டு, மற்ற வரவு செலவை மட்டும் எழுதினால் மிச்சம் வராமல் என்ன செய்யும்? எட்டு ஆண்டில் புரட்சியே வந்துவிட்டது. அது போகட்டும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கு பழையது அல்ல. முன்பெல்லாம் "பட்ஜெட் பற்றாக்குறை" என்று ஒன்றைச் சொல்வார்கள். சந்தையிலும் வெளிநாட்டிலும் வாங்கிய கடனையெல்லாம் வரவில் சேர்த்த பிறகும் போதாமல் நிற்கிற தொகை அது. அதை ரிசர்வ் வங்கியிடம் கருவூல உண்டியல் (குறுகிய காலக் கடன் பத்திரம்) எழுதிக் கொடுத்துச் சரிக்கட்டினார்கள். இந்தக் கணக்கு உண்மையை முழுமையாகக் காட்டவில்லை என்று 1985இல் சுகமய் சக்ரவர்த்தி குழு சுட்டிக்காட்டியது. 1991இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பிறகு ஃபிஸ்கல் டெஃபிசிட் முன்னுக்கு வந்தது. 1997இல் அந்த உண்டியல் முறையை நிறுத்தியதும் பழைய கணக்கே காணாமல் போனது. பழையதற்குப் பற்றாக்குறை என்ற பெயர் ஓரளவு பொருந்தியது. புதியது வந்தபோது நம் மொழிபெயர்ப்பாளர்கள் பெயரை மாற்றவில்லை; "பட்ஜெட்" இருந்த இடத்தில் "நிதி"யை வைத்தார்கள், வேலை முடிந்தது.

புதிய கணக்கு சொல்வது இதுதான்: ஓராண்டில் அரசு செய்யும் செலவிலிருந்து (பழைய கடனின் அசலைக் கட்டுவது நீங்கலாக) கடன் அல்லாத வரவையெல்லாம் கழியுங்கள். மீதம் வருவது அந்த ஆண்டில் கடன் வாங்கி அடைத்த தொகை.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பற்று என்பதற்குப் போதுதல் என்றொரு பொருள் உண்டு. பற்றாது என்பதைத்தான் தினமும் "பத்தாது" என்கிறோம். பற்றாக்குறை என்றால் போதாமை. கையில் இல்லை, ஆகவே நடக்கவில்லை. தண்ணீர்ப் பற்றாக்குறை என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆசிரியர் பற்றாக்குறை என்றால் வகுப்பில் ஆசிரியர் இல்லை. அந்த வரிசையில் நிதிப் பற்றாக்குறையைக் கேட்கிறவர் கஜானாவில் பணம் இல்லை, வேலை நடக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் ஃபிஸ்கல் டெஃபிசிட் என்பது பணம் கிடைத்து, செலவும் ஆகிவிட்ட தொகை. பொருள் தலைகீழாக நிற்கிறது. இதில் ஆட்சியாளர்களுக்குக் கிடைக்கிற வசதியைக் கவனியுங்கள். தாறுமாறாகக் கடன் வாங்கியவர் பணமில்லாமல் தவித்தவராகத் தெரிகிறார். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நாம் பரிதாபப்படுகிறோம்.

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக அரசு தன் நிதி நிலைமை பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. 2020-21க்கான நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி ரூபாய் என்று அதில் இருந்தது. வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாட வரவை மிஞ்சிய அன்றாடச் செலவு, 61,320 கோடி. அடுத்த நாள் செய்திகளைப் படித்தவர்களில் பலர் இரண்டையும் கூட்டிவிட்டார்கள். கூட்டக்கூடாது, இரண்டாவது முதலாவதற்குள் அடக்கம். வாங்கிய கடனில் மூன்றில் இரண்டு பங்கு சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போனது என்பதுதான் அந்த இரண்டு எண்கள் சேர்ந்து சொல்லும் செய்தி. கடன் வாங்கி வலை வாங்குவது ஒன்று, கடன் வாங்கி அரிசி வாங்குவது வேறொன்று என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சொல் சரியாக இருந்திருந்தால் செய்தியாளர் அந்த ஒரு வரியை எழுதியிருப்பார்.

அதற்காக அன்றாடச் செலவெல்லாம் ஊதாரித்தனம் என்று அர்த்தம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்த நிவாரணத்தை 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபத்தில்தான் அறிவித்தார்கள். அது வருவாய்ச் செலவு. தூண்டில் வளைவு மூலதனச் செலவு, அதாவது நிலைத்து நிற்கும் சொத்துக்கான செலவு. இரண்டும் வேண்டும். முதலாவதற்கே கடன் தீர்ந்துவிடுவதால் இரண்டாவதற்கு இல்லை என்று அந்தத் தபாலில் எழுதியிருந்தால், கோபம் வந்தாலும் விஷயம் புரிந்திருக்கும்.

இன்னொரு கோளாறு "குறைந்தது" என்ற பயனிலையோடு வரும். "நிதிப் பற்றாக்குறை குறைந்தது" என்றால் கடன் குறைந்துவிட்டதாகவே கேட்கிறவர் நினைப்பார். இல்லை. போன ஆண்டைவிட இந்த ஆண்டு கொஞ்சம் குறைவாகக் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான். மொத்தக் கடன் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. சதவீதம் இன்னொரு பொறி. நிதிப் பற்றாக்குறை மூன்று சதவீதம் என்றால் பட்ஜெட்டில் மூன்று சதவீதம் அல்ல, மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில். 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வைத்திருக்கும் வரம்பும் அந்தக் கணக்கில்தான். 2020-21இல் பற்றாக்குறை 4.43 சதவீதம். எந்த விவாத மேடையிலாவது "எதில் மூன்று?" என்று நெறியாளர் கேட்டு நான் பார்த்ததில்லை. நான்கு பேரை உட்கார வைத்து, நான்கு பேரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டு, விளம்பரத்துக்குப் போய்விடுகிறார்கள். வெள்ளை அறிக்கையில் அவர்கள் பிடித்துக்கொண்டது, அரசின் கடனைப் பங்கிட்டால் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்ற எண்ணை. ரேஷன் கடையில் கழிப்பார்களா என்று கேட்டவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், அவர்களுக்கு வேறு யார் விளக்கினார்கள்?

சரி, மாற்றுச் சொல் என்ன? தனித்தமிழ் அன்பர்கள் சிலர் உடனே நீட்டுவது "இறை". பழங்காலத்தில் அரசுக்குச் செலுத்தும் வரி இறை. வரி நீக்கிக் கொடுத்த நிலம் கல்வெட்டுகளில் இறையிலி. ஆகவே ஃபிஸ்கல் என்பதற்கு இறை என்று வைத்துவிடலாம் என்பது வாதம். இலங்கைத் தமிழில் அப்படித்தான் வழங்குகிறது. இறைக் கொள்கை என்றே எழுதுகிறார்கள். அக்கரை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பட்ஜெட்டை அவர்கள் பாதீடு என்னும்போது கேட்க இனிமையாகத்தான் இருக்கும்.

ஆனால் "இறைப் பற்றாக்குறை" என்று எழுதி ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். இறைப்பற்று என்று நமக்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, பக்தி என்ற பொருளில். அதில் குறை என்றால்? ராமேசுவரத்தில் நின்றுகொண்டு, "மாநிலத்தில் இறைப் பற்றாக்குறை அதிகரித்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "இறை வருவாய்" என்றால் உண்டியல் வசூல் என்றுதான் இங்கே பொருள்படும். பழஞ்சொல்லை மீட்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் இன்று வேறொருவர் குடியிருக்கிறார், அதுவும் கடவுள். அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு நிதி அமைச்சரைக் குடிவைக்க முடியாது.

அதைவிடப் பெரிய குறை, இறை என்று மாற்றினாலும் பற்றாக்குறை அப்படியே இருக்கிறது என்பது. தூய்மைக்காகச் சண்டை போடுகிறவர்கள் முன்சொல்லைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். பொருளைக் கெடுப்பது பின்சொல். இது எங்களுக்கு ஏட்டுச் சண்டை அல்ல. இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். வரவு சரிந்தது, கடன் வாங்கும் வழியும் அடைபட்டது, அந்நியச் செலாவணி வற்றியது. 2022 மார்ச்சில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாதவர்கள் தனுஷ்கோடி மணல் திட்டில் குழந்தைகளோடு வந்து இறங்கினார்கள். மண்டபம் அகதிகள் முகாமில் தங்கவைத்தார்கள். அந்த ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அரசே அறிவித்தது. அரசின் கடன் கணக்கு படகேறிக் கரைக்கு வந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கணக்கின் பெயரிலேயே கடன் என்ற சொல் வேண்டும்.

ஆக, என் தேர்வு கடன்துண்டு.

துண்டு விழுதல் நம் சொல். "மாசக் கடைசியில் ரெண்டாயிரம் துண்டு விழுது" என்று சொல்லாத வீடு இருக்கிறதா? முன்பு நாளிதழ்களும் "பட்ஜெட்டில் துண்டு விழும் தொகை" என்று தாராளமாக எழுதின. லத்தீனில் டெஃபிசிட் வினையாக இருந்தது போலவே இதுவும் வினையோடு வருகிறது. துண்டு விழும், விழுந்ததை யாரோ அடைப்பார்கள். எதைக் கொண்டு அடைத்தார்கள் என்ற கேள்வி தானாகப் பின்னால் வருகிறது. முன்னால் கடனைச் சேர்த்துவிட்டால் பதிலும் வந்துவிட்டது. "2020-21இல் கடன்துண்டு 92,305 கோடி" என்று எழுதினால் அந்தப் படகுத் தொழிலாளி கேட்ட கேள்வி எழவே எழாது. "கடன்துண்டு காரணமாக வேலை இயலாது" என்று தபாலிலும் எழுத முடியாது. எழுதுகிற கையே கூசும்.

வருவாய்ப் பற்றாக்குறையை நான் தொடமாட்டேன். அங்கே வருவாய் உண்மையிலேயே பற்றவில்லை. அன்றாடச் செலவுக்கு அன்றாட வரவு போதாமை என்பதை அந்தச் சொல் சரியாகவே சொல்கிறது. இரண்டுக்கும் வேறு வேறு சொல் இருப்பது இன்னும் நல்லது, யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள்.

மறுப்புகள் வரும் என்று தெரியும். துண்டு என்றால் தோளில் போடுவது, பேருந்தில் இடம் பிடிக்க எறிவது என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அரசியல்வாதியின் தோளில் கிடப்பதும் அதுதானே. இலக்கணப் புலவர் ஒருவர், னகரத்துக்குப் பின் தகரம் வந்தால் புணர வேண்டும், கடற்றுண்டு என்றே எழுத வேண்டும் என்று வரக்கூடும். அப்படி எழுதினால் கடலில் ஒரு துண்டு என்றும் பிரிக்கலாம். இந்தக் கரையில் அதற்கும் நாலு பேர் உரிமை கொண்டாடுவார்கள். புணர்க்காமல் கடன்துண்டு என்றே இருக்கட்டும். கொச்சை என்பார்கள் வேறு சிலர். பட்ஜெட் உரையின் தொடக்கத்தில் ஒரு குறளைச் சொல்லிவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் யாருக்கும் புரியாத தமிழில் வாசிப்பதைவிட இது மரியாதையானதுதான்.

"நிதி" என்ற சொல்லையும் கொஞ்சம் ஓய்வெடுக்க விடலாம். ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றினால் நிதிக் கொள்கை, அரசு வரியை மாற்றினாலும் நிதிக் கொள்கை என்று ஒரே பக்கத்தில் அச்சாகிறது. முன்னதற்குப் பணக் கொள்கை என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துப் பார்க்க ஆளில்லை. இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை நாளிதழ் போடுகிறது, நாளிதழ் போட்டதை அடுத்த இயந்திரம் கற்றுக்கொள்கிறது.

கடைசியாக ஒன்று. பட்ஜெட் ஆவணங்களில் "முதன்மைப் பற்றாக்குறை" என்று ஒன்று வரும். முதன்மை என்பதால் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது போலும் என்று பல பட்டதாரிகளே நினைத்திருக்கிறார்கள். கடன்துண்டிலிருந்து பழைய கடனுக்கான வட்டியைக் கழித்தால் வருவது அது. பெரியது அல்ல, சிறியது. வட்டி நீங்கிய துண்டு என்று எழுதுங்கள்.