கால்பைசாகி: புயலும் அன்று, வைகாசியும் அன்று

கொல்கத்தாவை "வைகாசிப் புயல்" புரட்டிப் போட்டதாக இன்னொரு முறை படித்தால் அந்த நாளிதழை நிறுத்திவிடுவேன். இரண்டே சொல், இரண்டும் பிழை.

அங்கே நடப்பது இதுதான். பிற்பகல் வரை நகரம் வெந்து புழுங்கும். பிறகு வடமேற்கு வானம் மை பூசியதுபோல் கறுக்கும். மைதானத்துப் புழுதி எழும்பிக் கண்ணை மறைக்கும். ஹூக்ளியில் படகுகளை நிறுத்துவார்கள், எங்காவது ஒரு மயில்கொன்றை மின்கம்பியின் மேல் சாயும், மாமரங்களின் கீழ் பிஞ்சுகள் கொட்டிக் கிடக்கும். இடி, மழை, சில நேரம் ஆலங்கட்டி. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சில வாரங்கள் அடுத்தடுத்த மாலைகளில் இப்படியே போகும்.

வங்காளிகள் இதைக் கால்பைசாகி என்கிறார்கள். கால் என்றால் கேடு. நம் காலனுக்கு உறவு. பைசாகி என்றால் பைசாக் மாதத்துக்குரியது. வடமேற்கிலிருந்து வருவதால் ஆங்கிலத்தில் நார்வெஸ்டர்.

பைசாக்கும் வைகாசியும் விசாகத்தில் பிறந்த பெயர்கள்தாம். ஆனால் வங்காளத்தின் பைசாக் ஏப்ரல் நடுவில், நமக்குச் சித்திரை பிறக்கும்போது பிறக்கிறது. பெயர் ஒன்று, மாதம் வேறு. ஒலியைப் பார்த்த மொழிபெயர்ப்பாளர் நாள்காட்டியையும் ஒரு முறை புரட்டியிருக்கலாம்.

வைகாசியையாவது மன்னிக்கலாம். புயலை முடியாது. வள்ளுவர் புயல் என்றது மழையை. "ஏரின் உழாஅர் உழவர் புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்" என்ற 14ஆம் குறளில் புயல் பொய்த்தால்தான் உழவு நிற்கிறது. அந்தப் பொருள் போய்விட்டது, அதற்காக அழவும் வேண்டாம். இன்று அது வானிலைத் துறை அளவுகோல் வைத்திருக்கும் சொல். கடல்மேல் உருவான சுழற்சியில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால்தான் புயல். அதுவரை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். கால்பைசாகி பிறப்பதோ தரையில். வங்காளத்துக்கு மேற்கே சோட்டா நாக்பூர் மேட்டுநிலம் வெயிலில் காய, வங்கக் கடலின் ஈரக்காற்று கீழே நுழைய, மேலே வறண்ட மேற்குக் காற்று ஓட, இடிமேகம் திரண்டு தென்கிழக்காகப் பாய்ந்து வருகிறது.

"அதிலும் காற்று அறுபதைத் தாண்டுகிறதே, புயல் என்றால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. தாண்டும்தான், சில வேளை நூறையும் தொடும். ஆனால் அது சில நிமிட வீச்சு. புயலை நாட்கணக்கில் பின்தொடர்கிறார்கள், கடல் ஊருக்குள் ஏறும் என்று மக்களை வெளியேற்றுகிறார்கள். கொல்கத்தா இரண்டையும் ஒரே மாதத்தில் பார்க்கும் ஊர் என்பதுதான் முக்கியம். 2009 மே 25இல் அய்லா புயல், 2020 மே 20இல் ஆம்பன் புயல். அவற்றை எந்த வங்காளியும் கால்பைசாகி என்று சொல்லவில்லை. கூர்ணிஜொர், அதாவது சுழன்றடிக்கும் காற்று என்றார்கள். அவர்கள் பிரித்து வைத்ததை நாம் ஒரே சாக்கில் கட்டுகிறோம். அங்கே பிள்ளையைப் படிக்க அனுப்பிய வீட்டில் "புயல்" என்ற தலைப்பைப் படித்துவிட்டு எந்தப் புயலுக்குப் பதறுவது?

சூறாவளி என்று மாற்றிவிடலாமே என்றால், அந்தச் சொல்லை ஏற்கெனவே பாழாக்கி வைத்திருக்கிறோம். மீனவர் எச்சரிக்கையில் அது பலத்த காற்று. பாடநூலிலும் இலங்கைத் தமிழிலும் புயலே அது. அமெரிக்கச் செய்திகளிலோ தூண்போல் சுழன்று வீட்டைப் பிய்க்கும் டோர்னேடோ.

சூறை என்ற தனிச்சொல் நல்லவேளையாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. திடீரென வந்து அள்ளிக்கொண்டு போவது, சூறையாடுதலும் அங்கிருந்துதான். நான் கோடைச் சூறை என்பேன். பழந்தமிழில் கொண்டல் கீழ்காற்று, வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று, கோடை மேல்காற்று. ஆக, பருவத்தோடு திசையும் ஏறத்தாழ சேர்ந்துவிடுகிறது. வடமேற்கு எப்படி மேற்காகும் என்று முகம் சுளிக்கும் புலவர்கள் சுளிக்கட்டும். பெயராகவே சொல்ல வேண்டிய இடத்தில் கால்பைசாகி என்றே எழுதலாம். தென்றலை வங்காளத்தில் மொழிபெயர்த்துக் கெடுத்தால் நமக்குப் பொறுக்குமா?

"இடியுடன் கூடிய மழை" என்று வானொலி ஊட்டி வளர்த்த தொடரை விட்டுவிட்டு "இடிப்புயல்" என்று எழுதுகிறவர்களையும், டெல்லியின் ஆந்தி என்னும் புழுதிக் காற்றைப் "புழுதிப் புயல்" ஆக்கியவர்களையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.